குதிரைப் பண்ணையை எடுத்துட்டேன்

எடுத்துட்டேன். டிக்கை எடுத்தாச்சு, மொத்தக் கணக்கையும் மறுபடி போடச் சொல்லி ஃபுல் ரன் கொடுத்தாச்சு, மௌஸைக் கவுத்து வெச்சாச்சு, இனி நானே நெனச்சாலும் நிறுத்த முடியாது. பச்சைக் கோடு இப்பத்தான் ஊர ஆரம்பிச்சிருக்கு. ஊரட்டும். ஒத்தைக் கம்பெனியோட வரி ரிட்டர்ன்னா பட்டுனு முடிஞ்சிடும், இது குரூப் ரிட்டர்ன், பல கம்பெனி சேர்ந்து ஒரே ரிட்டர்ன். ஒவ்வொண்ணாப் போய்க் கூட்டி, அவங்களுக்குள்ள கொடுத்து வாங்குனதைக் கழிச்சு, அமெரிக்காவுல ஒரு மாநிலத்துக்கு இவ்வளவு பங்குன்னு பிரிச்சு, அப்பறம் ஊட்டைப் பூட்டிட்டுச் சந்தேகத்துல திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்கற மாதிரி முதல்லயிருந்து ஒருக்கா சரி பாக்கும். அதுவரைக்கும் ஸ்க்ரீன் நம்ம பேச்சைக் கேக்காது. மெஷின் எங்கயோ அமெரிக்காவுல இருக்கு, சரவணம்பட்டியில உக்காந்து நாம பாக்கறது அதோட படத்தைத்தான். நடுவுல மௌஸ் லேசா அசைஞ்சாலும் தொங்கிடும், மறுபடியும் முதல்லயிருந்து. அதனால எங்க டீம்ல ரன் கொடுத்ததும் மௌஸைக் கவுத்து வெச்சிடறது. யார் ஆரம்பிச்ச பழக்கமோ, யாருக்கும் தெரியாது. மௌஸ் கவுந்திருந்தா அந்த டேபிள்ல யாரும் கை ஊன மாட்டாங்க, எதையும் நீட்ட மாட்டாங்க, மேனேஜரா இருந்தாலும் தள்ளித்தான் நிப்பாரு. அடியில இருக்கற செவப்பு வெளிச்சம் கூரையைப் பாத்துக்கிட்டு எரியுது. எங்க மேனேஜர் நிர்மல் சார் பூஜையிலிருந்து வர்றதுக்குள்ள இது முடிஞ்சுடோணும், இல்லாட்டி முடியாமலே இருக்கோணும். ரெண்டுல எது வேணும்னு எனக்கே தெரியல. எடுத்துட்டேன்கறது மட்டும் தெரியுது.

கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். மனசுக்குள்ள கூடச் சொல்ல மாட்டேன், வேலையில சேர்றப்ப வாயைத் திறக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கினாங்க, நான் போட்ட கையெழுத்துக்கு எனக்கு மரியாதை இருக்கு. நாய்த்தீனி கம்பெனின்னு வெச்சுக்கலாம். நெசமாவே நாய்த்தீனிதான் செய்யறாங்க. அதுக்குக் கீழ தீனிக்குப் பை அடிக்கற கம்பெனி, பையை ஏத்திட்டுப் போற லாரிக் கம்பெனி, எறக்கி வெக்கற குடோன் கம்பெனி. ஒண்ணில்லாம ஒண்ணு நடக்காது, எல்லாம் ஒரே தொழில், அதனால அந்த மாநிலத்துச் சட்டப்படி எல்லாம் சேர்ந்து ஒரே ரிட்டர்ன். சரி. கடைசியில ஒரு குதிரைப் பண்ணை. எங்கயோ வேற மாநிலத்துல, புல்வெளியில. குதிரைக்கும் நாய்த்தீனிக்கும் என்ன ஒட்டு, என்ன ஒறவு? வருஷா வருஷம் நட்டம், அந்த நட்டம் நாய்த்தீனியோட லாபத்துல கழியுது, அதான் ஒட்டு. அந்தப் பண்ணை பேருக்கு முன்னால ஒரு சின்னக் கட்டம், கட்டத்துல ஒரு டிக். டிக் இருந்தா இவங்க குடும்பம், இல்லாட்டி யாரோ. ட்ரெய்னிங்ல ஒரு சார் வந்து இதையெல்லாம் கூட்டுக் குடும்பம்னு சொல்லித்தான் நடத்தினாரு. மாமனார் கம்பெனி, மகன் கம்பெனி, மருமக கம்பெனி. மருமக மாமியாருக்குக் கொடுத்தது, மாமியா மருமகளுக்குக் கொடுத்தது எதுவும் வெளிய தெரியக் கூடாது, உள்ளுக்குள்ளயே கழிச்சிடோணும்னு சொல்லிச் சிரிச்சாரு. கிளாஸே சிரிச்சது. நான் எந்திரிச்சு, மருமக கொடுத்தது எங்கதான் சார் போகும்னு கேட்டேன். கழிஞ்சுரும்மா, ஜீரோன்னாரு. நல்லா வந்துச்சு வாயில. கம்முனு உக்காந்துக்கிட்டேன்.

கம்முனு உக்கார்றதுல எனக்கு நல்ல பழக்கம். அதை விடுவோம். இந்த டிக்கு யாரும் இந்த வருஷம் போட்டதில்ல, அதைச் சொல்லோணும். வருஷம் பொறந்ததும் போன வருஷத்து ஃபைலை அப்படியே இந்த வருஷத்துக்கு உருட்டி விட்டுருவாங்க. எண்ணெல்லாம் காலியாயிடும், டிக்கெல்லாம் கூடவே வந்துடும். அப்படி உருண்டு உருண்டு எத்தன வருஷமா வருதோ. செக்லிஸ்ட்ல ஒரு வரி இருக்கு, ஒவ்வொரு கம்பெனியும் இந்த குரூப்ல இருக்க வேண்டியதுதானான்னு இந்த வருஷம் புதுசாப் பாத்தாச்சான்னு. அதுக்கு நேரா, தயார் பண்ணுனவங்க தன்னோட பேரை மூணெழுத்தாப் போடோணும். எல்லாரும் என்ன பண்ணுவாங்க, போன வருஷம் மாதிரியேன்னு தட்டி மூணெழுத்தைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நானும் தட்டியிருப்பேன். ஆனா தட்டறதுக்கு முன்னால அந்தக் கம்பெனிக்காரங்க இந்த வருஷம் அனுப்பின பதில்களைப் படிச்சுத் தொலைச்சேன். பண்ணை மத்த கம்பெனிக்கு என்ன செய்யுதுன்னு கேட்டிருக்கு, ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காங்க. ஆளோ பணமோ பொதுவா இருக்கான்னு கேட்டிருக்கு, இல்லன்னு எழுதியிருக்காங்க. எதுக்கு நடத்தறீங்கன்னு கேட்டிருக்கு, குடும்பத்துக்குக் குதிரைன்னா பிரியம்னு எழுதியிருக்காங்க. ஒளிக்கல, மறைக்கல, பச்சையா எழுதியிருக்காங்க பாவம். எழுதுனவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. வாங்கிப் பெட்டியில போட்டு வெச்சவங்க மேலதான்.

காத்தால நிர்மல் சார்கிட்ட சொன்னேன். என்னை விடச் சின்னவரு, நல்லவரு, யாரையும் நீ வா போன்னு பேச மாட்டாரு. கேட்டுட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மேடம், நாம தயார் பண்றவங்க, முடிவு பண்றவங்க அங்க இருக்காங்க, இப்பக் கேள்வி அனுப்புனா அவங்களுக்கு விடிஞ்சுதான் பாப்பாங்க, தாக்கல் பண்றதுக்குக் கெடு நெருங்கிருச்சுங்கன்னாரு. கேக்கறது தப்புங்களா சார்னேன். தப்பில்லீங்க, இத்தன வருஷமா யாரும் கேக்கல, இன்னிக்கு நம்ம கேட்டா அப்ப இத்தன வருஷம் என்ன பண்ணுனீங்கன்னு அவங்க கேப்பாங்க, அதுக்கு நான் பதில் சொல்லோணும்ங்கன்னாரு. நேர்மையான பதில். அப்பறம் குரலைத் தாழ்த்தி, உங்க கன்ஃபர்மேஷன் ஃபாரம் என் டேபிள்லதான் இருக்கு மேடம், இன்னிக்கோட உங்க புரொபேஷன் முடியுது, பூஜை முடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிடறேன், அதுக்குள்ள அந்த ஒரு வரியை முடிச்சு வெச்சிருங்கன்னாரு. மிரட்டல. மிரட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், எனக்கு மிரட்டலுக்குப் பதில் சொல்லத் தெரியும். அன்பாச் சொன்னாரு. ஒடம்பொறப்பு சொல்ற மாதிரி சொன்னாரு. அன்பாச் சொல்லி வாங்கிக்கிட்ட சம்மதத்துலதான் என்ற பாதி வயசு போயிருக்கு. சரிங்க சார்னு மட்டும் சொன்னேன். சரிங்கன்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். செய்யறேன்னு அர்த்தமில்ல.

கோடு நவுந்திருக்கா? நவுந்திருக்கு. லாரிக் கம்பெனிக்குள்ள போயிருக்குன்னு கீழ எழுத்து ஓடுது. ஏசி நேரா என்ற பிடறியில விழுது, கை ஜில்லுனு இருக்கு, தொண்டை காஞ்சு கெடக்கு, தண்ணி பாட்டில் மௌஸுக்கு அந்தப் பக்கம் இருக்கறதால எடுக்க முடியல. மானிட்டர் ஓரத்துல சந்தனம் வெச்சுக் குங்குமம் வெச்சிருக்கு, ஹவுஸ்கீப்பிங் அம்மா காத்தாலயே எல்லா சீட்டுக்கும் வெச்சுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு ஆயுத பூஜை. ஊரே லீவு, லேத் பட்டறைக்காரன் கூட மெஷினைக் கழுவிப் பொட்டு வெச்சு நிறுத்தியிருப்பான், எங்களுக்கு மட்டும் அமெரிக்காக்காரன் கெடு. ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்கோணுமேன்னு, எங்க ஆபீஸ்ல ஒரு வேலை செய்யாத கீபோர்டை எடுத்து டீ குடிக்கற பேன்ட்ரியில சாமி படத்துக்கு முன்னால வெச்சுப் பூ சாத்துவாங்க. வருஷா வருஷம் அதே கீபோர்டுதானாம். வேலை செய்யறது இங்க நெத்தியில பொட்டோட செஞ்சுக்கிட்டே இருக்கு, செத்தது அங்க உக்காந்து பூஜை வாங்கிக்குது. அதையும் போன வருஷம் மாதிரியேன்னுதான் எடுத்து வெச்சிருப்பாங்க. மணிச்சத்தம் கேக்குது. சூடம் வாசனை ஏசி வழியா வருது. எனக்குச் சூடம் வாசனை பிடிக்கும், பசிக்க வேற ஆரம்பிச்சிருச்சு. பயப்படற நேரத்துல எப்படிப் பசிக்குது பாரு.

பயம் இருக்கு. இல்லன்னு யார் சொன்னா? என்ற கைப்பைக்குள்ள ஒரு சாவி இருக்கு, காளப்பட்டியில மாடி ரூம், தகரக் கதவு, ஒரு ஆள் நின்னா இன்னொரு ஆள் உக்காரோணும், ஆனா உள்ளயிருந்து தாழ்ப்பாள் போட்டா எவனும் தட்ட மாட்டான். அந்தச் சாவி இந்த வேலையில தொங்குது. இது போச்சுன்னா வேற வேலைக்குப் போய் நிக்கோணும். நடுவுல இத்தன வருஷம் என்ன பண்ணுனீங்கன்னு கேப்பாங்க, ஊட்டுல இருந்தேன்னு சொல்லோணும், ஊட்டுலயான்னு ஒரு பார்வை பாப்பாங்க. அந்தப் பார்வையை இங்க வர்றதுக்கு முன்னால ஊர்ல இருக்கற அத்தன ஆபீஸ்லயும் பாத்துட்டு வந்தவ நான். இங்க எடுத்துக்கிட்டாங்க, சொல்லிக் கொடுத்தாங்க, உக்கார ஒரு சேர் கொடுத்தாங்க. அந்தச் சேரை நானே எட்டி ஒதைக்கறேனா? பண்ணையோட குதிரை வந்து எனக்கு வாடகை கட்டுமா? அங்க எவளோ ஒருத்தி தொப்பி போட்டுக்கிட்டு சவாரி போயிட்டிருப்பா, காளப்பட்டின்னு ஒரு ஊர் இருக்கறதே அவளுக்குத் தெரியாது. அவங்க வரி அவங்க பாடு. கோகிலவாணி, உனக்கு எதுக்குடி இந்த வேலை? இப்படித்தான் காத்தாலயிருந்து ஓடுது, ஒரு பக்கம் சாவி, ஒரு பக்கம் டிக்கு, சாவி, டிக்கு. கோடு நின்னு போச்சா? நிக்கல. குடோனுக்குள்ள போயிருக்கு.

டிக்கு. எந்த டிக்கைச் சொல்றேன் நான்? ரேஷன் கார்டுல நிக்கற என்ற பேரையா? வந்துருச்சு பாரு, வரக் கூடாதுன்னு நெனச்சேன். என்ற புருஷன் தனசேகர் ஊட்டுக் கார்டுல இன்னும் நான் மருமகளாத்தான் இருக்கேன். நான் அந்த ஊட்டை விட்டு வெளிய வந்து, கோர்ட்ல டைவர்ஸ் கேஸ் போட்டு, அவன் வக்கீல் வாய்தா வாங்கி வாங்கி, எல்லாம் நடந்துக்கிட்டிருக்கு, கார்டுல மட்டும் எதுவும் நடக்கல. அட்டையில குடும்பத் தலைவரு, அதாவது என்ற மாமனாரு, போட்டோவுல சிரிக்கறாரு, கீழ வரிசையாப் பேரு, அதுல நான். ஆளுக்கு இவ்வளவுன்னு அரிசி வருது. என்ற பங்கு அரிசியும் மாசாமாசம் அந்த ஊட்டுக்குத்தான் போகுது, நான் இங்க கடையில காசு போட்டு வாங்கிச் சாப்பிடறேன். அரிசி போனாப் போகுது, அந்த அரிசியை அத்தை கோழிக்குத்தான் போடும்னு எனக்குத் தெரியும். பேரு. எனக்குன்னு தனியா ஒரு கார்டு வாங்கோணும்னா முதல்ல அதுலயிருந்து பேரை நீக்கோணும், ஆன்லைன்ல நீக்கோணும்னா அவங்க போனுக்கு ஓடிபி போகும். அந்த ஊட்டை விட்டுப் போறேன்னு சொல்றதுக்கு அந்த ஊட்டுக்காரங்க நம்பர் சொல்லோணும். ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி, கெஞ்சாத குறையாக் கேப்பேன். தனசேகர் கத்த மாட்டான். அவனும் அன்பாத்தான் பேசுவான். பேரு அது பாட்டுக்கு இருக்கட்டுமே கோகி, பேரு இருந்தா யாருக்கு என்ன நட்டம்னு கேப்பான். அதுக்கு எனக்குப் பதில் வரவே வராது. போனை வெச்சதுக்கப்பறம் பஸ்ல, குளிக்கறப்ப, தூக்கத்துல எல்லாம் பதில் வரும், அவன் கேக்கறப்ப மட்டும் வராது. ஓடிபி இல்லாம நீக்கறதுக்கும் வழி இருக்கு, தாலுகா ஆபீஸ்ல மனு எழுதிக் கொடுத்து, விசாரணைக்கு நிக்கோணும், ஒரு நாள் முழுக்கப் போகும். புரொபேஷன்ல லீவு எடுத்தா கணக்கு வெப்பாங்கன்னு தள்ளித் தள்ளிப் போட்டேன். கன்ஃபர்ம் ஆகட்டும், அப்பறம் எடுக்கலாம்னு. கன்ஃபர்ம் ஆகறதுக்கு இப்ப இன்னொரு டிக்கைக் கேக்கறாங்க.

அப்ப இதான் விஷயமா? அந்த ஊட்டுக் கோபத்தைக் கொண்டுவந்து வாயில்லாத குதிரை மேல காட்டறேனா? நல்லா யோசி. நாய்த்தீனிக்காரன் பதில்ல வேற மாதிரி எழுதியிருந்தா என்ன பண்ணியிருப்பே? பண்ணையில நாய்த்தீனி விளம்பரம் எடுக்கறோம், பண்ணை ஆளுங்கதான் குடோனையும் பாத்துக்கறாங்க, ஒரே ஆபீஸ், ஒரே அக்கவுன்ட்னு எழுதியிருந்தா? டிக்கு இருக்க வேண்டியதுதான்னு விட்டிருப்பேன். கண்டிப்பா விட்டிருப்பேன், எவ்வளவு கோபம் இருந்தாலும் விட்டிருப்பேன். அப்படி எழுதலயே. ஒண்ணுமில்ல, இல்ல, பிரியம், அவ்வளவுதானே எழுதியிருக்கு. அப்பக் கோபம் என்ற கோபமா இருந்தாலும் கணக்கு கணக்குதான். கோபக்காரி சொன்னா கூட்டல் தப்பாயிடுமா? எங்க ஊட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க, நான் எதைச் சொன்னாலும் முதல்ல அவ கோபத்துல பேசறான்னு சொல்லி முடிச்சிருவாங்க, சொன்னது சரியா தப்பான்னு அதுக்கப்பறம் யாரும் பாக்கவே மாட்டாங்க. ஆமா, கோபந்தான். கோபத்தோடயே சொல்றேன், குதிரைப் பண்ணை இந்த குரூப்ல இல்ல. இன்னொண்ணும் இருக்கு. இந்த ரன்னு முடிஞ்சு வரி குபீர்னு ஏறி நின்னா? பண்ணையோட நட்டம் சின்ன நட்டமில்ல. ஏறுன வரியைப் பாத்து அங்க ஒருத்தன் இங்க ஒருத்தருக்குப் போன் பண்ணி, அவரு நிர்மல் சாருக்குப் பண்ணி, நிர்மல் சார் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாப்பாரு. பாக்கட்டும். வரி ஏறட்டும். ஏறுனாத்தான் இத்தன வருஷம் என்ன நடந்துச்சுன்னு தெரியும். அதுக்குத்தானே எடுத்தேன். கோடு பாதியைத் தாண்டிருச்சு, கழிக்கற எடத்துக்கு வந்திருச்சு.

ஜெனிட்டா வந்து உக்காந்தா. பக்கத்து சீட்டு, நாரோயில்காரி, ரெண்டு கையிலயும் பொரிப் பொட்டலம். ஒண்ணை என்ற பக்கம் நீட்டப் போனவ மௌஸைப் பாத்துட்டு அப்படியே தன் மடியில வெச்சுக்கிட்டா. ஃபுல் ரன்னா அக்கான்னு கேட்டா. ஆமான்னேன். ஸ்க்ரீன்ல என்ன ஓடுதுன்னு எட்டிப் பாத்தா, கம்பெனிப் பேரு வரிசையைப் படிச்சா, வரிசை குறையறது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. குதிரையைக் காணலியேன்னா மெதுவா. எடுத்துட்டேன்னேன். அவ ஒரு கை பொரியை அள்ளி வாயில போட்டு மென்னுக்கிட்டே இருந்தா. அப்பறம், போன வருஷம் அந்த லைன்ல யாரு எழுத்து இருக்குன்னு பாத்தீங்களாக்கான்னா. பாக்கலன்னேன். நெசமாவே பாக்கல, குத்தம் சொல்ல எனக்கு ஆளு வேண்டாம். அவ பொரியை முழுங்கிட்டு, பாக்காதீங்க, அதான் நல்லதுன்னா. அவ எழுத்தா? நிர்மல் சார் மேனேஜர் ஆகறதுக்கு முன்னால இந்த சீட்டுல இருந்தாராமே, அவரு எழுத்தா? வேண்டாம். ஃபைலைத் தொறந்து பாத்தா ஒரு நொடியில தெரியும், தொறக்க மாட்டேன். யாரோ நல்ல மனுஷங்கதான் போட்டிருப்பாங்க, எல்லாம் நல்ல மனுஷங்கதான் போடறது. தூரத்துல கண்ணாடிக் கதவு தொறந்து மூடுது, செருப்புச் சத்தம், நெத்தியில திருநீறும் காதுல பூவுமா அவரு வர்றாரு. கையில ஒரு கவர். என்ற ஃபாரமா? பொரியா?

பொரிதான். நிர்மல் சார் கவரை நீட்ட வந்து, மௌஸைப் பாத்துட்டு நின்னுட்டாரு. ரன்னுங்களா மேடம்னாரு. ஆமாங்க சார். எல்லாம் முடிஞ்சுதுங்களா, அந்த வரி போட்டாச்சுங்களான்னாரு. சொல்லிடலாம். இப்பச் சொல்லாட்டி அப்பறம் சொல்ல முடியாது. பண்ணையை எடுத்துட்டேன் சார், எடுத்துட்டுத்தான் ரன் கொடுத்திருக்கேன்னேன். என்ற குரல்தானா அதுன்னு இருந்துச்சு, ஆனா வந்துருச்சு. அவரு ஸ்க்ரீனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. காத்தால பேசினமேங்கன்னாரு. பேசினம் சார், நான் யோசிச்சுப் பாத்தேன்னேன். நிறுத்துங்கன்னாரு. நிறுத்த முடியாதுங்க சார்னேன். அவரு கை தன்னால மௌஸுக்குப் போச்சு. நான் என்ன பண்ணுனேன்னு எனக்கே அப்பறந்தான் தெரிஞ்சுது, கவுந்த மௌஸ் மேல உள்ளங்கையை வெச்சு மூடியிருக்கேன், செவப்பு வெளிச்சம் விரலிடுக்குல தெரியுது. தொட்டா தொங்கிடும் சார், முதல்லயிருந்து ஓட்டோணும்னேன். அது உண்மைதான்னு அவருக்கும் தெரியும். கையை எடுத்துக்கிட்டாரு. மூணு பேரும் கோட்டைப் பாத்துக்கிட்டு நின்னோம். ஜெனிட்டா மெல்றதை நிறுத்திட்டா. கடைசித் துண்டு எப்பவுமே நின்னு நின்னுதான் போகும், நிக்கும்போதெல்லாம் யாரோ ஒருத்தர் மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. எனக்கு அப்பத் தண்ணி வேணும்னு மட்டும் இருந்துச்சு.

முடிஞ்சுது. ஸ்க்ரீன் ஒருக்கா வெளுத்து, திரும்ப வந்துச்சு. நிர்மல் சார் குனிஞ்சு கடைசி வரியைத்தான் பாத்தாரு, நானும் அதைத்தான் பாத்தேன். கட்ட வேண்டிய வரி. பண்ணை இருந்தப்ப என்ன இருந்துச்சோ அதேதான். நான் ரெண்டு தடவை பாத்தேன். அதே தொகை, அந்த மாநிலத்துல யாரா இருந்தாலும் கட்டியாக வேண்டிய குறைஞ்சபட்ச வரி. அப்பத்தான் மண்டையில ஒறைச்சுது, நாய்த்தீனிக்காரனுக்குப் பழைய வருஷத்துல கழிக்காம விட்ட நட்டமெல்லாம் பின்னால மூட்டையாக் கெடக்கு, பண்ணை எந்திரிச்சுப் போனதும் அதுலயிருந்து கொஞ்சம் வந்து அந்த எடத்துல உக்காந்துக்கிச்சு. மூட்டை குறைஞ்சிருக்கு, என்னிக்காச்சும் ஒரு நாள் அது தெரியும். இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்கா? இதுக்கா காத்தாலயிருந்து பச்சைத் தண்ணி குடிக்காம உக்காந்திருந்தேன்? ஒரு டாலர் ஏறியிருந்தாக் கூடக் காட்டியிருப்பேனே, பாருங்க சார்னு. சிரிப்பு வர்ற மாதிரி இருந்துச்சு, அழுகையும் வர்ற மாதிரி இருந்துச்சு. நிர்மல் சார் நெசமாவே சிரிச்சுட்டாரு, பெருமூச்சு விட்டுச் சிரிச்சாரு. பாத்தீங்களா மேடம், ஒண்ணும் மாறல, இதுக்குப் போய் மனசைப் போட்டு அலட்டிக்கிட்டீங்க, திருப்பி டிக்கைப் போட்டு ஒரு ரன்னு விட்டுருங்க, நான் போய் உங்க ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்னாரு. அவரு பொரிக் கவரை டேபிள்ல வெச்சுட்டு, தன்மையா, ஒடம்பொறப்பாட்டமே சொன்னாரு, பேரு அது பாட்டுக்கு இருக்கட்டுமேங்க, பேரு இருந்தா யாருக்கு என்னங்க நட்டம்.

அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாமத்தான் சொன்னாரு, அதே சொல்லு, அதே தன்மை. பஸ்ல வந்த பதில், குளிக்கறப்ப வந்த பதில், தூக்கத்துல வந்த பதில் எல்லாம் ஒண்ணா வாசல்ல வந்து நின்னுச்சு. நட்டமில்லீங்க சார்னேன். யாருக்கும் நட்டமில்ல, அதுக்காக இல்லாத பேரை இருக்குன்னு நான் எழுத மாட்டேங்க. எதுவும் மாறலதானே, அப்ப எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். டிக்குப் போடறதுன்னா நீங்க போடுங்க சார், இந்த சீட்டுலயிருந்து நான் எந்திரிச்சுக்கறேன், உக்காந்து போட்டு, பக்கத்துல உங்க எழுத்தைப் போட்டுக்கோங்க. என்ற எழுத்துல வேண்டாம். சொல்லிட்டுச் சேரைப் பின்னால தள்ளி எந்திரிச்சேன். நெசமாவே எந்திரிச்சேன், சேர் காலி. அவரு சேரைப் பாத்தாரு. உக்காரல. காதுல இருந்த பூவை எடுத்துக் கையில வெச்சு உருட்டுனாரு. ஃபாரம் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க மேடம்னாரு. எனக்கும் தெரியலீங்க சார்னேன். அவரு போயிட்டாரு. கதவு மூடற வரைக்கும் ஜெனிட்டா அசையல, மூடினதும் தண்ணி பாட்டிலை எடுத்து மூடியைத் தொறந்து என்ற கையில கொடுத்தா. குடிச்சேன். உக்காந்தேன். அந்த வரிக்கு நேரா, குதிரைப் பண்ணை இந்த குரூப்ல இல்ல, படிச்சுப் பாத்து எடுத்திருக்கேன்னு எழுதி, என்ற மூணெழுத்தைப் போட்டேன். மௌஸை நேரா வெச்சேன். அமெரிக்காவுக்கு அனுப்பற பட்டனை அமுக்குனேன், போயிருச்சு. திங்கக்கிழமை லீவு கேக்கோணும், தாலுகா ஆபீஸ் போகோணும். அதுவரைக்கும் வேலை இருந்தா லீவு கேக்கறது. இல்லாட்டிக் கேக்கவே வேண்டாம், நேராப் போயிடலாம்.